மிச்சம் வைத்த மாத்திரை

நாள் 203. காலை 7.10

மருத்துவப் பதிவு. எழுதுவது டாக்டர் ஹெப்சிபா, நெஞ்சு நோய் மருத்துவர், செவ்வாய்க் கோளின் பனிச் சுரங்க நிலையம். பூமியில் இந்தப் பதிவுகளை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. சோதித்துப் பார்க்க, போன மாதம் ஒரு பதிவின் நடுவில் நெத்திலி அவியல் செய்முறையை எழுதி அனுப்பினேன். 'பெற்றுக்கொண்டோம், நன்றி' என்று பதில் வந்தது. ஆகவே இது கட்டுப்பாட்டு அறைக்கு அல்ல. என்றைக்காவது இந்தக் கதவைத் திறந்து உள்ளே வரப்போகிறவருக்கு.

நிலையத்தில் நாலு பேர். நான் நாகர்கோவில். தலைவர் சிவப்பிரகாசம் நெய்வேலி. செடிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ரஹ்மத் நிஷா காயல்பட்டினம். துளை இயந்திரம் ஓட்டும் பாண்டித்துரை உசிலம்பட்டிப் பக்கம்.

இன்றைய பரிசோதனை. சிவப்பிரகாசம் நலம். பாண்டித்துரைக்குத் தூசி இருமல். முகமூடியின் வடிகட்டியை மாற்றச் சொல்லியிருந்தேன். பழையதைத் தட்டிவிட்டுத் திருப்பி மாட்டியிருக்கிறான். நிஷாவுக்கு ஆஸ்துமா. இன்ஹேலரை சென்ட் அடிப்பதுபோல வாய்க்குள் அடித்துக்கொண்டு உடனே பேச ஆரம்பித்துவிடுகிறாள். மூச்சை வெளியே விடு, அழுத்தும்போதே மெதுவாக உள்ளே இழு, கொஞ்ச நேரம் பிடித்து வை என்று மறுபடியும் செய்து காட்டினேன். தலையாட்டினாள். நாளைக்கும் அதையேதான் செய்வாள்.

நாள் 206. மாலை 4.30

புழுதிப் புயல். சூரியத் தகடுகள் மூடிக்கொண்டன, மின்சாரம் பாதியாகிவிட்டது. கட்டுப்பாட்டு அறையின் உத்தரவுப்படி சிவப்பிரகாசம் வெந்நீர்த் தொட்டியின் சூட்டைக் குறைத்துவிட்டார். குழாயில் வருவது இப்போது வெதுவெதுப்பான தண்ணீர். அடுப்பு ஒருவேளைக்கு மட்டும்.

எல்லோருக்கும் மூக்கு ஒழுகுகிறது. மூக்குள்ள வரை சளி என்பது பூமிக்குப் பொருந்தும். இங்கே சளிக்காய்ச்சல் கிருமி புதிதாக வர வழி கிடையாது. இருநூறு நாளாக நாங்கள் நாலு பேர் ஒரே காற்றைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறோம், எங்களிடம் இருந்த கிருமியெல்லாம் எப்போதோ எங்களைச் சுற்றி வந்து ஓய்ந்துவிட்டது. இது தூசி. உப்புநீரால் மூக்கைக் கழுவினால் போதும். கூட்டத்தில் தெளிவாகச் சொன்னேன். சொல்லி முடித்த கையோடு பாண்டித்துரை உள்பேசியில் கூப்பிட்டுக் கேட்கிறான்:

"டாக்டரம்மா, அந்தப் பெரிய மாத்திரை ரெண்டு குடுங்களேன். ரெண்டு போட்டா எனக்குச் சட்டுனு கேட்டுரும்."

ஆன்டிபயாடிக் மாத்திரையைத்தான் சொல்கிறான். தூசிக்கு ஆன்டிபயாடிக்! திட்டினேன். கொஞ்சம் அதிகமாகவே திட்டினேன்.

நாள் 208. மாலை 6.00

ஆவி பிடிக்க வெந்நீர் இல்லை என்று இவர்கள் சும்மா இருப்பார்களா? செடிகளுக்குப் பனித்துளி தூவும் இயந்திரத்தை நிஷா செடிக்கூடத்திலிருந்து கழற்றி வந்துவிட்டாள். தொட்டித் தண்ணீரை ஊற்றி, நாலு சொட்டு தைலம் விட்டு, போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு நிஷாவும் பாண்டித்துரையும் முறை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அது ஆவியே இல்லை. ஆவி கொதிக்கிற தண்ணீரிலிருந்து வருவது. இது பச்சைத் தண்ணீரைப் பொடிப்பொடியாக உடைத்து ஊதுகிறது, அவ்வளவுதான். எடுத்துச் சொன்னேன். நிஷா அசையவில்லை:

"ஒரு தடவ புடிச்சுப் பாருங்களேன் டாக்டர்க்கா. நெஞ்செல்லாம் லேசாயிரும்."

சிவப்பிரகாசம் தமக்குச் சளியே பிடிக்காது என்று பெருமையாக ஒதுங்கிக்கொண்டார். நான் ஒதுங்கவில்லை. இரண்டு நாளாக எனக்கும் மூக்கடைப்பு. போர்வைக்குள் போனேன். தைல வாசனை, குளிர்ந்த ஈரம். சுகமாகத்தான் இருந்தது. நன்மை இல்லாவிட்டாலும் தீமை இல்லை என்று விட்டுவிட்டேன்.

நாள் 210. காலை 8.15

பாண்டித்துரை துளைமுகாமுக்குப் போயிருக்கிறான். புயல் சற்று ஓய்ந்திருந்தபோது சிவப்பிரகாசம் வண்டியில் கொண்டுபோய் விட்டுவந்தார். துளைக்குழாய் உறைந்துவிடாமல் ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும். இப்போது மறுபடியும் புயல். வண்டி ஓட்ட முடியாது. இரண்டு இடத்துக்கும் நடுவே இழுத்துக் கட்டிய கம்பியில் ஓடும் சிறு சரக்குப்பெட்டி மட்டும் போய்வரும்.

நாள் 214. காலை 9.40

நிஷாவுக்குக் காய்ச்சல், குளிர் நடுக்கம். நோயறி இயந்திரம் 'ஆஸ்துமா தீவிரம்' என்கிறது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆஸ்துமா என்றால் மூச்சை வெளியே விடும்போது விசில் சத்தம் கேட்கவேண்டும். ஸ்டெதாஸ்கோப் வைத்தால் இடது நுரையீரலின் அடியில் முடியை விரலிடையில் உரசுவது போன்ற நொறுநொறுப்பு. ரத்தத்தில் ஆக்சிஜன் 88. இவ்வளவு காய்ச்சலுக்கு நாடி குதிரையாக ஓடவேண்டும், இவளுக்கு ஆற அமர நடக்கிறது. வயிற்றுப்போக்கும் உண்டு. தன் அம்மா என்று நினைத்து என்னை உம்மா என்று கூப்பிடுகிறாள்.

இது நிமோனியா. சந்தேகமே இல்லை. கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பினேன்.

நாள் 214. பகல் 12.20

பதில் வந்தது:

"டாக்டர் ஹெப்சிபா, தங்கள் விவரங்களைக் குழு ஆராய்ந்தது. இது வைரஸ் தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஓய்வு கொடுத்துக் கண்காணிக்கவும்."

எங்கிருந்து வரும் வைரஸ்? யார் கொண்டு வந்து கொடுத்தார்? இருநூறு நாளாக இந்தப் பக்கம் ஒரு காக்கை பறந்ததா? ஏர்கண்டிஷன் அறையில் காப்பி குடித்துக்கொண்டு நிமோனியாவுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்கிறார்கள். திருப்பித் திட்டி அனுப்பினால் போய்ச் சேரவே கால்மணி ஆகும். அதற்குள் என் கோபம் ஆறிவிடுகிறது. அதுதான் இந்தக் கோளில் எனக்கு மிகப் பெரிய தொல்லை.

நாள் 214. மாலை 3.50

கண்டுபிடித்துவிட்டேன். வெதுவெதுப்பான தண்ணீர். நாங்கள் நாலு பேரும் ஒரே சாப்பாடு, ஒரே காற்று. நிஷா எங்களைவிட அதிகமாகச் செய்தது என்ன? காலையும் மாலையும் அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து தொட்டித் தண்ணீரை நுரையீரலுக்குள் இழுத்தது. சூடு குறைந்த தொட்டியில் வளர்கிற கிருமி ஒன்று உண்டு, லெஜியோனெல்லா என்று பெயர். குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. துளியாக மூச்சில் போனால் நிமோனியா. சிறுநீரைச் சோதனைப் பட்டையில் விட்டேன். கோடு விழுந்தது.

ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. அது ஒன்றுதான் நல்ல செய்தி. தொட்டியைக் கொதிக்கவைக்க வேண்டும் என்றேன். மின்சாரம் போதாது, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார் சிவப்பிரகாசம். கேளுங்கள் என்று சொல்லிவிட்டு நானே போய்க் குமிழைத் திருகிவிட்டு வந்தேன்.

நாள் 214. மாலை 5.15

மருந்து அலமாரி. இந்தக் கிருமியைக் கொல்லும் மாத்திரை லெவோஃப்ளாக்சசின். ஆளுக்கு ஒன்று என்று நாலு அட்டை இருக்கவேண்டும், அட்டைக்குப் பத்து மாத்திரை. நாலு பெட்டியும் ஒழுங்காக மூடி அடுக்கியிருந்தன. இரண்டு பெட்டிக்குள் வெறும் அட்டை.

ரெண்டு போட்டால் கேட்டுவிடும்! தும்மலுக்கு ரெண்டு, தொண்டைக் கரகரப்புக்கு ரெண்டு, முதுகுவலிக்குக்கூட ரெண்டு போட்டிருப்பார்கள். உள்பேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். கடைசியில் சிவப்பிரகாசம் மெல்ல:

"நான் ஒரு நாலஞ்சு போட்டிருப்பேன் டாக்டர். சொன்னா நீங்க கத்துவீங்கன்னுதான் சொல்லல."

சளியே பிடிக்காத மனிதர். கத்தினேன்.

அமாக்சிசிலின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் வேண்டிய மட்டும் இருக்கிறது. இந்தக் கிருமிக்கு அதுவும் சுண்ணாம்பும் ஒன்று. அடுத்த கப்பல் வர ஐந்து மாதம். ஒரு முழு அட்டை நிஷாவுக்கு. மீதி ஒன்று.

நாள் 217. காலை 10.05

நிஷாவின் காய்ச்சல் இறங்கியது. ஆக்சிஜன் 94. சரியாகிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு என்கிறாள். சரியாவது போலத் தெரிவது கிருமி பாதி செத்ததால். மீதிப் பாதி உள்ளே ஒளிந்திருக்கிறது. பாதியில் நிறுத்தினால் அது எழுந்து வரும், இரட்டிப்புக் கோபத்தோடு வரும். எதிரில் உட்கார்ந்து அவள் விழுங்குவதைப் பார்த்த பிறகே எழுந்தேன்.

நாள் 218. காலை 7.30

துளைமுகாமிலிருந்து:

"டாக்டரம்மா, காலைலருந்து மேலுக்குச் சரியில்ல. குளிருது. இருமுனா நெஞ்சுல குத்துது. பயப்படுற மாதிரி இருக்காதுல்ல?"

இயந்திரத்தின் முன் உட்கார்ந்த இரண்டாவது ஆள். கடைசி அட்டையைச் சரக்குப்பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டேன். நான் சொன்னது அப்படியே பதிவில் இருக்கட்டும்:

"லேய் பாண்டி, நல்லா கேளு. ஒரு நாளைக்கு ஒண்ணு. பத்து நாளைக்கு. ஒண்ணுகூட மிச்சம் வரப்பிடாது, கேட்டியா? மிச்சம் வச்சேன்னு தெரிஞ்சா உன்ன வெளிய தள்ளி கதவ அடச்சிருவேன்."

"சரிங்க டாக்டரம்மா. போட்டுர்றேங்க."

நாள் 219. மாலை 5.40

எனக்கும் காய்ச்சல்.

மூன்றாவது ஆள் நான் அல்லவா. ஒரே ஒரு தடவை. ஒரு தடவை போதும் என்று புத்தகத்தில் படித்ததுண்டு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தெரிகிறது. வலது அடி நுரையீரல். நானே ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுக்கொண்டேன். பட்டையில் கோடு விழுந்தது. மாத்திரை இல்லை. நிஷாவிடம் மட்டும் சொன்னேன். தன் மாத்திரையில் மிச்சத்தைத் தருகிறேன் என்று அழுதாள். வாயை மூடிக்கொண்டு அவளுடையதை முழுதாக முடிக்கச் சொன்னேன். கட்டுப்பாட்டு அறைக்கும் தெரிவித்தேன். விதி அப்படி.

நாள் 220. காலை 11.00

"டாக்டர் ஹெப்சிபா, தங்கள் உடல்நிலை குறித்து வருந்துகிறோம். கைவசம் உள்ள ஒரே அட்டையைத் தாங்களும் பாண்டித்துரையும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வதே நியாயம் என்று குழு கருதுகிறது."

குழு! கிருமிக்கு நியாயம் தெரியாது. பாதி மருந்து இரண்டு பேருக்கு என்றால் வைத்தியம் யாருக்கும் இல்லை என்று அர்த்தம். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பது பழமொழி. இவர்கள் அரைக்கால் வைத்தியத்துக்குத் தீர்மானம் போட்டு அனுப்புகிறார்கள். முடியாது என்று பதில் அனுப்பினேன். இன்னொன்றும் எழுதவேண்டும். அந்த முட்டாள்கள் இந்தச் செய்தியை எனக்குத் தனியாக அனுப்பவில்லை. பொது அலைவரிசையில் அனுப்பியிருக்கிறார்கள், துளைமுகாம் வரை கேட்டிருக்கும்.

நாள் 220. பகல் 11.25

பாண்டித்துரையைக் கூப்பிட்டேன். ஏதாவது காதில் விழுந்ததா என்றேன்.

"இல்லைங்களே டாக்டரம்மா. தூங்கிட்டேன்."

மாத்திரை போட்டாயா?

"போட்டேங்க."

நாள் 223. காலை 8.00

என் ஆக்சிஜன் 90. படுத்தபடியே எழுதுகிறேன். மூக்கில் குழாய். நிஷா நடமாடுகிறாள், கஞ்சி வைத்துத் தருகிறாள். தொட்டி கொதிக்கிறது, தூவும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டாயிற்று.

பாண்டித்துரைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. குரல் கணீரென்று இருக்கிறது. ஊர்ப் பொங்கல் சண்டையைப் பற்றி அரைமணி பேசினான். கடைசியில் கேட்டேன். போட்டேங்க என்றான். எனக்கு எவ்வளவு நிம்மதி என்று இங்கே எழுதிவைக்கிறேன். அவனிடம் சொல்லவில்லை.

நாள் 226. காலை 9.10

இருமுகிறான். பேச்சின் நடுவில் வாயை மூடிக்கொண்டு இருமுகிறான், எனக்குக் கேட்காதாம். முப்பது வருஷமாக இருமலைக் கேட்டே பிழைப்பு நடத்துகிறவளிடம் மறைக்கிறான். தெர்மாமீட்டரைப் படிக்கச் சொன்னேன். தூசிங்க டாக்டரம்மா என்றான். மாத்திரை? போட்டேங்க. தினமும்? தினமுங்க.

இந்த மருந்துக்கு இந்தக் கிருமி அடங்காமல் இருக்கக் கூடாது. நிஷாவுக்கு அடங்கியது. எனக்கு எங்கோ இடிக்கிறது. ஆனால் தலை சுற்றுகிறது, யோசனை நூல் அறுந்து அறுந்து போகிறது.

நாள் 228. பகல் 1.30

புயல் ஓய்ந்தது. சிவப்பிரகாசம் வண்டியில் போய் அவனைத் தூக்கி வந்தார். தூக்கித்தான் வந்தார். சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் படுக்க வைத்திருக்கிறார்கள். இரண்டு நுரையீரலிலும் நொறுநொறுப்பு என்று இயந்திரம் காட்டுகிறது.

உள்பேசியில் வந்தான்.

"டாக்டரம்மா, சட்டைப் பைல ஆறு மாத்திரை பத்திரமா வச்சிருக்கேன். நிஷாவ விட்டுக் குடுத்து விடுறேன். நீங்க போட்டுக்கங்க. நாலே நாள்ல எனக்குச் சுத்தமா கேட்டுருச்சு, மிச்சத்த உங்களுக்குன்னு வச்சுட்டேன். அவங்க பாதிப் பாதின்னு சொன்னாங்கள்ல."

நான் என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. மூச்சு இருக்கிற வரை திட்டினேன். மடையா என்றேன். கொலைகாரா என்றேன். இருமல் வந்து நிறுத்தியது. அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சொன்னான்:

"திட்டுவீங்கன்னு தெரியுங்க டாக்டரம்மா, பெட்டில அனுப்புனாத் திருப்பி அனுப்பிருவீங்கன்னும் தெரியும். அதான் போட்டேன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்."

நாள் 228. மாலை 4.45

சரி. கோபம் இறங்கியது. யோசிக்கிறேன்.

அலமாரியில் வெறும் பெட்டி. கத்துவீங்கன்னுதான் சொல்லல. திட்டுவீங்கன்னு தெரியும். எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள். நோயாளி பொய் சொல்கிறான், நோயாளி பொய் சொல்கிறான் என்று வாழ்நாள் முழுக்கப் புலம்பினேன். உண்மையைச் சொல்கிறவனுக்கு நான் என்ன கொடுத்தேன்?

முப்பது வருஷத்தில் ஒரு நோயாளிகூட எனக்காக மருந்தை மிச்சம் வைத்ததில்லை. இந்த மடையன் வைத்தான். அழுகை வருகிறது, அழுதால் மூச்சு முட்டுகிறது.

கணக்கு இதுதான். ஆறு மாத்திரை. ஒரே ஆளுக்குப் போனால் ஒரு வாய்ப்பு. அவனுக்கு வயது முப்பத்திரண்டு, ஏற்கெனவே நாலு போட்டிருக்கிறான். எனக்குப் பன்னிரண்டு நாள் முற்றிய நோய்... இல்லை, ஒன்பது நாள். யோசிக்கவே வேண்டியதில்லை.

நாள் 228. மாலை 5.30

போட மாட்டேன் என்கிறான்.

"நீங்க போட்டாத்தான் நான் போடுவேன் டாக்டரம்மா. ஆளுக்கு மூணு. இல்லேன்னா எனக்கும் வேணாம்."

கட்டளையிட்டேன். கெஞ்சினேன். வாயை இறுக மூடிக்கொண்டு கிடக்கிறான் என்று நிஷா சொல்கிறாள். இந்த முறை திட்டவில்லை. சரி மக்கா, ஆளுக்கு மூணு, என்றேன்.

பிறகு உள்பேசியை அணைத்துவிட்டு நிஷாவைக் கூப்பிட்டேன். காலையில் அவன் கண்ணெதிரே அவனுக்கு ஒன்று. என் பங்கை நன்றாகப் பொடித்து, மாலையில் அவன் கஞ்சியில் கலந்துவிடு. இவ்வளவு முற்றிய நோய்க்கு ஒரு நாளில் இரண்டு கொடுக்கலாம். அவள் முடியாது என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்ஹேலரைச் சரியாக இழுக்கக் கற்றுக்கொள்ளாத பாவத்துக்கு இதையாவது சரியாகச் செய் என்றேன். எழுந்து போனாள்.

நாள் 229. மாலை

ஆக்சிஜன் 84. விரல் நகம் நீலம். எழுத்து ஓடுகிறது, பொறுத்துக்கொள்ளவும்.

"கஞ்சி கசக்குதுங்க டாக்டரம்மா."

காய்ச்சல் வாய்க்கு எல்லாம் கசக்கும், எனக்கும் கசக்கிறது, குடி, என்றேன். குடித்தான்.

நாள் 230

சிவப்பிரகாசம் வாசலில் நிற்கிறார். மன்னிப்புக் கேட்கிறார். தொட்டிக்காகவா மாத்திரைக்காகவா தெரியவில்லை. பரவாயில்லை என்று கை காட்டினேன். பேச மூச்சு வேண்டும்.

கட்டுப்பாட்டு அறைக்கு: தொட்டிச் சூட்டை இனி எந்த நிலையத்திலும் குறைக்க வேண்டாம். செய்தியைத் தனி அலையில் அனுப்பவும். முழுதாகப் படிக்கவும்.

நாள் 231

அவனுக்குக் காய்ச்சல் நூறுக்குக் கீழே. நிஷா ஓடி வந்து சொன்னாள். ஆறும் போய்விட்டது. ஆறும் அவனுக்குள். போதுமா தெரியாது. போதவேண்டும்.

எனக்கு 79. உம்மா என்று கூப்பிட்டேனாம் நிஷாவை. நான் எப்படி. எங்கள் வீட்டில் அம்மாதானே.

நாள்

நேரம் பார்க்கவில்லை.

உள்பேசி. அவன் குரல். இருமல் இல்லை.

"டாக்டரம்மா, உங்க மூணையும் போட்டு முடிச்சீங்களா?"

போட்டேன் மக்கா

என்றேன். சத்தம் வந்ததா தெரியவில்லை. சரிங்க என்றான். நம்பிவிட்டான்

இதை எடுப்பவர் யாராக இருந்தாலும், அவனிடம் படித்துக் காட்டாதீர்கள்

திட்டுவான்